மிக்ரோடிக் ஹெக்ஸ்: வீட்டுக்கு வேண்டாம், மேசைக்கு வேண்டும்

வைஃபை கிடையாது, ஆன்டெனா கிடையாது. ஐந்து கிகாபிட் போர்ட்டுகள், ஒரு யுஎஸ்பி, ஒரு மைக்ரோ எஸ்டி துளை, உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான் மிக்ரோடிக் ஹெக்ஸ் என்ற ரவுட்டர். வீட்டில் எல்லாருக்கும் இணையம் வந்தால் போதும் என்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். விஎல்ஏஎன் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகள்), நாட் (ஒரே வெளி ஐபியைப் பல கணினிகள் பகிர்வது), ரவுட்டிங் எல்லாவற்றையும் பேக்கெட் ட்ரேசர் என்ற பயிற்சி மென்பொருளின் திரையில் மட்டுமே பார்த்துவரும் கல்லூரி மாணவருக்கு, கையில் பிடித்துப் பழக இதைவிடப் பொருத்தமான மலிவுப் பெட்டி இல்லை.

காரணம் வன்பொருளில் இல்லை. ஆர்பி750ஜிஆர்3 என்ற மாடலின் உள்ளே இருப்பது 880 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மீடியாடெக் எம்டி7621ஏ, 256 எம்பி ராம், 16 எம்பி ஃபிளாஷ். சாதாரணம்தான். ஆனால் லாட்வியாவின் ரீகாவில் இருக்கும் மிக்ரோடிக் நிறுவனம், இணையச் சேவை நிறுவனங்களின் பெரிய பெட்டிகளில் போடும் அதே ரவுட்டர்ஓஎஸ் இயங்குதளத்தை இந்தச் சின்னப் பெட்டியிலும் போட்டுத் தருகிறது. பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் நெறிமுறைகள், பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையத்தில் நுழையும் முறை) சர்வர், வயர்கார்ட் என்ற விபிஎன் எல்லாம் உண்டு. நம்மூரில் கேபிள் ஆபரேட்டர்கள் நடத்தும் சிறிய இணையச் சேவைகளிலும் மிக்ரோடிக்தான் பல இடங்களில் ஓடுகிறது. இங்கே பழகியது அங்கே அப்படியே கைகொடுக்கும்.

வாங்கியதும் வீட்டு ரவுட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு இதை வைக்காதீர்கள். இருக்கும் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை ஹெக்ஸின் முதல் போர்ட்டுக்குக் கொடுத்தால் போதும். நாட் இரண்டு அடுக்காகும். பழகுவதற்கு அது தடையில்லை. நீங்கள் எதைக் குலைத்தாலும் வீட்டில் டிவி நிற்காது.

லேப்டாப்பை இரண்டாவது போர்ட்டில் செருகி, மிக்ரோடிக்கின் நிர்வாகச் செயலியான வின்பாக்ஸைத் திறந்து, நெய்பர்ஸ் பட்டியலில் தெரியும் மேக் முகவரியைச் சொடுக்கி உள்ளே போகலாம். ஆரம்ப முகவரி 192.168.88.1. வின்பாக்ஸ் 4 லினக்ஸிலும் நேரடியாக ஓடுகிறது, விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் தேவையில்லை. புதிய பெட்டிகளில் கடவுச்சொல் ஸ்டிக்கரில் இருக்கும். பழைய பெட்டி என்றால் அட்மின் கணக்குக்குக் கடவுச்சொல்லே இருக்காது. முதல் வேலை அதை மாற்றுவது. அடுத்தது ரவுட்டர்ஓஎஸ்ஸைப் புதுப்பிப்பது, அதோடு சிஸ்டம் மெனுவில் ரவுட்டர்போர்டு பகுதிக்குப் போய் பூட் ஃபர்ம்வேரையும் உயர்த்தி மறுபடி ரீபூட் செய்வது. இந்த இரண்டாவது படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2018-இல் வெளிவந்த வின்பாக்ஸ் ஓட்டை வழியே, புதுப்பிக்காமல் கிடந்த பெட்டிகளின் கடவுச்சொற்களை வெளியாட்கள் படித்தார்கள். எனவே செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பழைய அமைப்பை நம்பாமல் முழுதாக அழித்துவிட்டே தொடங்குங்கள். வின்பாக்ஸ் பயன்படுத்தும் 8291 என்ற டிசிபி போர்ட்டை இணையப் பக்கம் திறக்கவே கூடாது.

பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் விஎல்ஏஎன். வரிசை முக்கியம். பிரிட்ஜின் (போர்ட்டுகளை ஒரே சுவிட்சாக இணைக்கும் அமைப்பு) விஎல்ஏஎன் பட்டியலில் 10 என்று ஒன்றைச் சேர்த்து, இரண்டாவது போர்ட்டோடு பிரிட்ஜையும் டேக்டு (விஎல்ஏஎன் எண்ணோடு செல்லும்) பகுதியில் போட வேண்டும். பிரிட்ஜையே அதன் உறுப்பாகச் சேர்ப்பது விசித்திரமாகத் தோன்றும். சிபியுவுக்கு அந்த விஎல்ஏஎன் போய்ச் சேரும் வழி அதுதான். மூன்றாவது போர்ட்டின் பிவிஐடியை (எண் இல்லாமல் வரும் தரவுக்கு இடும் விஎல்ஏஎன் எண்) 10 ஆக்கி, பிரிட்ஜின் மேல் ஒரு விஎல்ஏஎன் இன்டர்ஃபேஸ் உருவாக்கி, 192.168.10.1/24 முகவரியும் ஐபி தானாக வழங்கும் டிஎச்சிபி சர்வரும் கொடுங்கள். விஎல்ஏஎன் ஃபில்டரிங் என்ற பெட்டியில் டிக் போடுவது கடைசி வேலை. அதை முதலில் போட்டால் வாசலைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான். ஐந்தாவது போர்ட்டைப் பிரிட்ஜிலிருந்து நீக்கி, தனி முகவரி கொடுத்து, லேன் என்ற இன்டர்ஃபேஸ் பட்டியலில் (ஃபயர்வால் நம்பும் உள்பக்க இன்டர்ஃபேஸ்கள்) சேர்த்து நிர்வாகத்துக்கென்று வைத்துக்கொண்டால் இந்தப் பயமே இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும், மூன்றாவது போர்ட்டில் செருகிய கணினிக்கு ஐபி கிடைக்கும், 8.8.8.8-க்குப் பிங் போகும், எந்தத் தளமும் திறக்காது. புதிய விஎல்ஏஎன் இன்டர்ஃபேஸை லேன் என்ற இன்டர்ஃபேஸ் பட்டியலில் சேர்க்காததுதான் கோளாறு. அந்தப் பட்டியலில் இல்லாத எதிலிருந்தும் ரவுட்டரை நோக்கி வருவதை ஆரம்ப ஃபயர்வால் தூக்கி எறிந்துவிடும். தளப் பெயருக்கு ஐபி கேட்கும் டிஎன்எஸ் கேள்வியும் அதில் அடக்கம். இதே தவறு பிபிபிஓஇ-யிலும் நடக்கும். லாகின் ஆகிவிடும், ஐபியும் வரும், பின்னால் இருக்கும் கணினிகளுக்கு மட்டும் இணையம் இருக்காது. புதிய பிபிபிஓஇ இன்டர்ஃபேஸை வேன் (இணையப் பக்க) பட்டியலில் சேர்த்தால்தான் மாஸ்கரேட் என்ற நாட் விதி அதைக் கண்டுகொள்ளும்.

வேகத்தைக் கட்டுப்படுத்த சிம்பிள் க்யூ போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று புலம்புவோருக்கும் விடை அதே ஃபயர்வாலில் உண்டு. ஃபாஸ்ட்ட்ராக் என்ற விதி, ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளை க்யூவைத் தொடாமல் குறுக்கு வழியில் அனுப்பிவிடுகிறது. அதை முடக்கி ரீபூட் செய்தால் க்யூ பிடிக்கும், ஆனால் சிபியு சுமை ஏறும். 100 மெகாபிட் இணைப்பில் அது உறைக்காது, கிகாபிட் திட்டத்தில் நன்றாகவே உறைக்கும். ரவுட்டர்ஓஎஸ் 6-இல் இந்தச் சிப்பில் விஎல்ஏஎன் ஃபில்டரிங்கைப் போட்டாலே எல்லாம் சிபியு வழியாகத்தான் போகும், 7.1-இலிருந்துதான் அதை சுவிட்ச் சிப்பே பார்த்துக்கொள்கிறது. ஆகவே பழைய பதிப்பில் நிற்பதற்கு நியாயம் இல்லை.

குறை சொல்ல வேண்டியது அந்த 16 எம்பி ஃபிளாஷைத்தான். ஏழாம் பதிப்பு ஏறியபின் மிஞ்சும் இடம் மிகக் குறைவு. பேக்கப் கோப்புகளை உள்ளேயே குவித்து வைத்தால் அடுத்த அப்டேட் இடமில்லை என்று நிற்கும். எக்ஸ்போர்ட் (அமைப்புகளின் உரைக் கோப்பு) எடுத்ததும் லேப்டாப்புக்கு இழுத்துவிட்டு அழித்துவிடுங்கள். (ஏழாம் பதிப்பின் எக்ஸ்போர்ட்டில் கடவுச்சொற்கள் தாமாக வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.) வேறு செயலிகளை ரவுட்டரிலேயே ஓட்டும் கன்டெய்னர் வசதியும் இதில் இல்லை, இது எம்மிப்ஸ் வகைச் சிப், அந்த வசதி ஆர்ம், எக்ஸ்86 பெட்டிகளுக்குத்தான். விளம்பரம் தடுக்கும் பை-ஹோலை உள்ளே ஓட்டலாம் என்று வாங்கினால் ஏமாற்றமே. 7.15-இல் வந்த ஆட்லிஸ்ட் வசதி ஓரளவு ஈடுகட்டும், ஆனால் டிஎன்எஸ் கேஷ் அளவை உயர்த்தாமல் பெரிய பட்டியலைக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும்.

வெளியிலிருந்து வீட்டுக்கு வயர்கார்ட் சுரங்கம் போட நினைப்பவர்கள், முதலில் இணையச் சேவை கொடுக்கும் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை. அதன் பின்னால் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் வராது. ஐபிவி6 இருந்தால் அதன் வழியே முயலலாம். இது பெட்டியின் குற்றமல்ல.

மின்சாரத்தில் இதற்கு முழு மதிப்பெண். விசிறி இல்லை, 8 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும், 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸிலேயே ஓடும். முதல் போர்ட் வழியாகவும் மின்சாரம் கொடுக்கலாம், ஆனால் அது பாஸிவ் வகை, அதாவது எத்தனை வோல்ட் வேண்டும் என்று கேட்காமல் நேராகச் செலுத்துவது. 48 வோல்ட் பாஸிவ் இன்ஜெக்டரைச் செருகினால் பெட்டி கருகும்.

பெரிய மாற்றம் எதையும் சேஃப் மோடில் செய்யுங்கள். டெர்மினலில் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் போதும். இணைப்பு அறுந்தால், அதிகபட்சம் 9 நிமிடத்தில் மாற்றங்கள் தாமாகத் திரும்பிவிடும். அதையும் தாண்டிக் குலைந்தால் ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்து, விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் விடுங்கள். விளக்கு அணையும்வரை பிடித்தால் நெட்இன்ஸ்டால் என்ற மறுநிறுவல் முறைக்குப் போகும். அப்போது லேப்டாப் கேபிள் முதல் போர்ட்டில் இருக்க வேண்டும், லேப்டாப்பின் வைஃபையும் ஃபயர்வாலும் அணைந்திருக்க வேண்டும். நெட்இன்ஸ்டால் பெட்டியைக் காணவில்லை என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

புதிதாக வாங்குவதானால் 2024-இல் வந்த ஹெக்ஸ் ரிஃப்ரெஷைத் தேடுங்கள். 512 எம்பி ராம், 128 எம்பி ஃபிளாஷ், ஆர்ம் சிப். மேலே சொன்ன இடப் பிரச்சினை அதில் இல்லை. மேலே சொன்ன ஜிஆர்3 மலிவாகச் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் மட்டும் எடுங்கள். இரண்டுக்கும் கையில் காசில்லை என்றால் சிஎச்ஆர் என்ற, ரவுட்டர்ஓஎஸ்ஸின் மெய்நிகர் பதிப்பை விர்ச்சுவல்பாக்ஸில் போட்டுப் பழகலாம். இலவச உரிமத்தில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் 1 மெகாபிட்டுக்கு மேல் அனுப்பாது. ஃபயர்வால் விதி எழுதிப் பார்க்க அது தாராளம்.