ஸ்டான்லி கிளார்க்கின் ‘ஸ்கூல் டேஸ்’: 11 வருஷம் கேட்ட பிறகு

போன மாசம் அக்கா பையன் வந்திருந்தான். கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்திருக்கிறார்கள். வேறு யாரும் எடுக்காததால், பாட்டுக்கு அடியில் கீழ்ச் சுரங்களைப் போடுகிற பேஸ் கிட்டார் இவன் தலையில் விழுந்திருக்கிறது. “மாமா, பேஸ் கத்துக்க எந்த ஆல்பம் கேக்கணும்?” என்றான். ‘ஸ்கூல் டேஸ்’ என்று நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. 11 வருஷமாக நான் விடாமல் கேட்கிற ஆல்பம் அது. ஆனால் இப்போதுதான் ஆரம்பிக்கிறவன் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

அந்த ஆல்பத்தைப் போட்ட அமெரிக்க பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்குக்கும் ஏறக்குறைய இவன் கதைதான். பிலடெல்பியாவில், பள்ளிக்கூடத்தில் வாத்தியங்களைப் பங்கிட்ட அன்றைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். மிஞ்சிக் கிடந்ததில், வயலின் மாதிரியே ஆனால் ஆளுயரத்துக்கு இருக்கிற டபுள் பேஸும் ஒன்று. அதைப் பிடித்தவர் பிறகு ஜாஸ் பியானோ கலைஞர் சிக் கொரியாவின் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ குழுவில் வாசித்து, 1976இல் நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார். அவரோடு சேர்ந்து தயாரித்த கென் ஸ்காட், பீட்டில்ஸ் ஒலிப்பதிவுகளில் பொறியாளராக இருந்தவர். மொத்தம் 6 உருப்படி, 37 நிமிஷம் சொச்சம்.

முதல் உருப்படியே தலைப்புப் பாட்டு. கேட்டவுடன் நான் மாட்டிக்கொண்டது அதில்தான். பேஸ் என்றால் பின்னால் நின்று ஒவ்வொரு சுரமாகப் போட்டுக்கொண்டிருக்கும் என்று பழகிய காதுக்கு, இங்கே அதுவே வந்து வாசலைத் திறக்கிறது. இரண்டு மூன்று ஸ்ட்ரிங்கைச் சேர்த்து, கிட்டார்காரன் மாதிரி வீசி அடிக்கிறார். அடித்த கையோடு இடது கை சறுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் ஒலி குழம்புவதில்லை, மணி மாதிரி ஒவ்வொரு சுரமும் தனியாக நிற்கிறது. அதில் பாதி அவருடைய அலெம்பிக் கம்பெனி பேஸின் கைங்கர்யம். மின்சாரத்தில் ஓடுகிற சர்க்யூட் உள்ளேயே இருக்கிற வாத்தியம் அது. கழுத்தும் குட்டை: சாதாரண பேஸில் ஸ்ட்ரிங்கின் அதிர்கிற நீளம் 34 அங்குலம், அவருடையதில் 31ஐத் தொடாது. டபுள் பேஸில் பழகிய நீண்ட விரல்களுக்கு அது விளையாட்டுத் திடல்.

என்னிடம் இருந்தது 34 அங்குல பேஸ், அதுவும் மலிவு விலையில் வாங்கியது. தலைப்புப் பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற அந்தச் சின்ன இசைத் துண்டு, என் விரலில் உட்கார நாலு மாசம் ஆனது. வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் கொப்புளம் எழும்பி உடைந்து, மதியம் ரசஞ்சோறு பிசையும்போது கண்ணில் தண்ணீர் வரும். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, “இதுக்குப் பேசாம வீணை கத்துக்கிட்டிருக்கலாம்” என்றாள். வீணை வாசிக்கிறவர்கள் விரல் என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியாது.

பிரச்சினை கொப்புளத்தில் இல்லை, ரிஃப் வந்த பிறகுதான் ஆரம்பித்தது. ஒரு கல்யாண வரவேற்பு மேடை. நாங்கள் அஞ்சு பேர். கிடைத்த இடத்திலெல்லாம் நான் மேல் ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் உச்ச சுரங்கள் இருக்கிற பக்கத்துக்கு, ஓடினேன். வீசி அடித்தேன், சறுக்கினேன். முன்வரிசையில் இரண்டு பையன்கள் கைதட்டவும் செய்தார்கள். நிகழ்ச்சி முடிந்து ஒயரைச் சுருட்டும்போது டிரம்மர் கேட்டான்: “நீ மேல பறந்துக்கிட்டே இருந்த. கீழ யார்றா இருந்தா?”

பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாசம் ‘ஸ்கூல் டேஸ்’ பக்கமே போகவில்லை.

திரும்பப் போனபோது முதல் பாட்டைத் தாண்டி இரண்டாவதில் நின்றேன்: ‘கொயட் ஆஃப்டர்நூன்’. அதுவரை அதை வேகமான இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் மூச்சு வாங்க வைத்தது என்றே நினைத்திருந்தேன். மெலடியைச் சுமக்கிற அந்த மெல்லிய தந்தி ஒலியைக் கிட்டார் என்றும் நம்பியிருந்தேன். அது பிக்கலோ பேஸ்! சாதாரண பேஸைவிட ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்தது. பேஸின் கீழ் ஸ்ட்ரிங் சுமார் 41 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 41 அதிர்வு) என்றால் இதில் 82. வாசிப்பதும் கிளார்க்தான். அதற்கு அடியில், ஸ்டீவ் காட் டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு சாதாரண பேஸ் ஒன்று அடக்கமாக நடந்துகொண்டிருக்கிறது. அதுவும் கிளார்க். மேலே பறந்த ஆள் கீழே தன்னையே காவலுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் ஒரே ஒரு பேஸை வைத்துக்கொண்டு பறந்திருக்கிறேன்.

எதில் கேட்பது என்றால், போனை மேஜைமேல் வைத்துக் கேட்காதீர்கள். அந்தத் துண்டு ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராது. அந்தச் சுரத்தோடு கூடவே எழும் மேல் அதிர்வுகளை, ஹார்மோனிக்ஸை, வைத்துக் கீழே இருப்பதை மூளை ஊகித்துக்கொள்கிறது. அதனால் பேஸ் கேட்கிற மாதிரி ஒரு பிரமை, அவ்வளவுதான். இரண்டாவது பாட்டின் கீழ் பேஸை இத்தனை நாள் நான் தவறவிட்டதற்கு அதுவும் காரணம். நல்ல ஹெட்போனில் முதல் தடவை கேட்டபோது வேறு ஒலிக்கலவையோ என்று சந்தேகமே வந்தது. காரில் இதே ஆல்பத்தின் ‘ஹாட் ஃபன்’ போட்டால் என் பழைய வண்டியின் இடது கதவு கடகடவென்று கூடவே தாளம் போடும். கதவுக்குள் அட்டை மடித்துச் செருகினேன், ஒரு வாரம் தாங்கியது. பாட்டு 3 நிமிஷம்கூட இல்லை என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

எல்பி இசைத்தட்டும் வாங்கினேன், பழையது. “கீறல் இல்ல சார்” என்று சொல்லி விற்ற கடைக்காரர் பேரைச் சொல்லப் போவதில்லை. கீறலைவிடப் பெரிய தொல்லை கடைசிப் பாட்டு, ‘லைஃப் இஸ் ஜஸ்ட் எ கேம்’. 9 நிமிஷம்: பில்லி காப்ஹாம் டிரம்ஸ், ஜார்ஜ் டியூக் கீபோர்டு, வயலின் கூட்டம், பித்தளைக் கூட்டம், கிளார்க்கின் பாட்டு என்று எல்லாம் ஏறிய பஸ். எல்பியில் ஊசி நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றுக்குக் கிடைக்கிற நீளம் குறையும், ஒலி பிசிறடிக்கும். இருக்கிறதிலேயே நெரிசலான பாட்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. டிஜிட்டலில் அந்தக் குறை இல்லை, ஆனாலும் பத்தில் ஆறு தடவை நான் பாதியில் இறங்கிவிடுகிறேன். பேஸ் பேசுகிற அளவுக்குக் கிளார்க்கின் குரல் பேசாது. காப்ஹாமுக்காக மட்டும் உட்காரலாம்.

‘தி டான்சர்’ எனக்கு ஒட்டவே இல்லை, துள்ளல் இருக்கிறது, ஆள் இல்லை. அதில் கீபோர்டு வாசிக்கும் டேவிட் சான்சியஸை மட்டும் கவனியுங்கள். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘ஈ ஸ்ட்ரீட் பேண்ட்’ இருக்கிறதே, அந்த ஈ ஸ்ட்ரீட் இவருடைய அம்மா குடியிருந்த தெரு.

இப்போது அதிகம் போடுவது ‘டெசர்ட் சாங்’. மின்சாரம் இல்லாத டபுள் பேஸ், வில்லாலும் விரலாலும். எதிரில் அகௌஸ்டிக் கிட்டாரோடு ஜான் மெக்லாக்லின். அவர் எல். சங்கர், ஜாகிர் உசேன், நம்ம விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. அதனாலோ என்னவோ, கிட்டார் ஓடும்போது என் காது தானாகக் கடத்தைத் தேடும். வருவது காங்கா, கையால் தட்டுகிற உயரமான டிரம். வில் இழுக்கிற இடத்தில் கம்பியின் சொரசொரப்புகூடக் கேட்கிறது, மரத்தை உரசுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அக்கா பையனிடம் ஆல்பத்தின் பேரைச் சொல்லாமல் ஹெட்போனை மாட்டி ‘கொயட் ஆஃப்டர்நூன்’ மட்டும் போட்டேன். 5 நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டான்.

“எத்தனை பேஸ்டா?”

“ஒண்ணு மாமா. கூட ஒரு கிட்டார்.”

ஹெட்போனைக் கழற்றப் போனவனைத் தடுத்து, மறுபடி முதலிலிருந்து போட்டேன்.