ஒன் நோட்ரம்புக்கு எதிரான பிரிட்ஜ் வகுப்பு: ஐந்தாவது பாடத்துக்காகவே வாங்கலாம்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பக்கத்தில் இருக்கும் எதிராளி ஒன் நோட்ரம்ப் (துருப்பே இல்லாமல் ஏழு ட்ரிக், அதாவது ஏழு பிடி, எடுப்பேன் என்பது) என்று ஏலத்தை ஆரம்பித்தால் ஜோடியாக ஆடும் அக்காவும் நானும் பேசாமல் பாஸ் சொல்லிவிடுவோம். பல வருடப் பழக்கம். அவரிடம் 15 முதல் 17 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயீன் 2, ஜாக் 1 என்ற கணக்கு) இருக்கிறது, நமக்கு என்ன மிஞ்சப்போகிறது என்ற நினைப்பு. ஆட்டம் முடிந்து ஸ்கோரைப் பார்த்தால், அதே சீட்டுகளை வைத்துக்கொண்டு இன்னொரு மேஜையில் டூ ஸ்பேட் (ஸ்பேட் துருப்பாக எட்டு ட்ரிக்) ஆடி 110 எடுத்திருப்பார்கள். அந்த வருத்தம் தாங்காமல்தான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லித்தரும் இணையவழி வகுப்பை இருவரும் சேர்ந்து வாங்கினோம். பதிவு செய்யப்பட்ட எட்டுப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 16 பயிற்சி ஆட்டங்கள். முடித்து இரண்டு மாதம் ஆகிறது.

முதல் பாடத்திலேயே ஆசிரியர் இரண்டு கைகளைக் காட்டுகிறார். ஒன்றில் 15 பாயிண்ட், ஆனால் 4-3-3-3 என்று தட்டையான கை. இன்னொன்றில் ஏழே பாயிண்ட், ஆனால் ஸ்பேடில் ஐந்து, ஹார்ட்டில் ஐந்து, டயமண்ட் ஒன்று, கிளப் இரண்டு. எதை வைத்துக்கொண்டு ஏலத்தில் இறங்குவீர்கள் என்று கேட்கிறார். நாங்கள் இருவருமே 15 பாயிண்ட் கையைச் சொன்னோம். தவறு. மொத்தம் 40 பாயிண்டில் எதிராளியிடம் 16, நம்மிடம் 15 என்றால் மீதி 9 பாயிண்ட்தான். அதில் பார்ட்னருக்குப் பாதி வந்தாலே அதிகம். தட்டையான கையில் தனியாக ட்ரிக் சேர்க்க வழியில்லை, பாஸ்தான் சரி. ஏழு பாயிண்ட் கையிலோ பார்ட்னருக்கு ஏதாவது ஒரு மேஜர் சூட்டில் (ஸ்பேட் அல்லது ஹார்ட்) மூன்று சீட்டு இருந்தால் போதும், துருப்பு வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பாயிண்டை எண்ணாதே, கையின் வடிவத்தைப் பார் என்று முன்பும் கேட்டிருக்கிறோம். இரண்டு கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது மண்டையில் ஏறியது.

ஸ்கோர் கணக்கையும் அங்கேயே முடித்துவிடுகிறார். அவர்கள் ஒன் நோட்ரம்ப் ஆடி ஜெயித்தால் 90, ஒரு ட்ரிக் கூட எடுத்தால் 120. நாம் வல்னரபிளாக (தோற்றால் அபராதம் கூடும் நிலையில்) இல்லாதபோது ஒரு ட்ரிக் குறைந்தால் இழப்பு 50 மட்டுமே. வல்னரபிளாக இருந்து இரண்டு குறைந்தால் டபுள் (இதை நீங்கள் எடுக்க முடியாது என்று எதிராளி பந்தயத்தை ஏற்றுவது) இல்லாமலே 200 போய்விடும். அதனால் ஏலம் கேட்கும் முன் வல்னரபிளா இல்லையா என்று ஒரு தடவை பார்க்காமல் இப்போது நாங்கள் வாய் திறப்பதில்லை.

இரண்டு முதல் நான்கு வரையிலான பாடங்கள் ஒன் நோட்ரம்புக்கு எதிராக ஏலம் கேட்கும் முறைகளைப் பற்றியவை. ஆல்வின் லாண்டியின் முறையில் டூ கிளப் என்றால் இரண்டு மேஜர்களும் கையில் இருக்கின்றன என்று பொருள். கேப்பலெட்டியில் டூ கிளப் ஏதோ ஒரு நீளமான சூட்டையும் டூ டயமண்ட் இரண்டு மேஜர்களையும் சொல்லும். மார்ட்டி பெர்கனின் டோண்ட் முறையில் டபுள்தான் ஒற்றை சூட்டை, அதாவது ஒரே ஒரு நீளமான சூட் இருப்பதைச் சொல்லும். தெளிவாகத்தான் இருக்கின்றன, ஆனால் இதையெல்லாம் வேறு எங்கும் கற்றுக்கொள்ளலாம்.

ஐந்தாவது பாடம் அப்படியில்லை. அது முழுக்க ஏலம் கேட்டவரின் பார்ட்னருக்கானது. உதாரணம் ஒன்று சொல்கிறேன். நான் லாண்டி டூ கிளப் கேட்கிறேன், ஸ்பேடில் ஐந்து, ஹார்ட்டில் நான்கு. அக்காவிடம் இரண்டிலும் மும்மூன்று. முன்பென்றால் அக்கா டூ ஹார்ட் கேட்டிருப்பார், ஏழே துருப்போடு திண்டாடியிருப்போம். இப்போது டூ டயமண்ட் கேட்கிறார்: எனக்கு இரண்டும் ஒன்றுதான், நீளமானதை நீயே சொல். நான் டூ ஸ்பேட் கேட்கிறேன், எட்டுத் துருப்பு கிடைக்கிறது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காக அந்த 16 ஆட்டங்களையும் மூன்று முறை ஆடினோம். முறையின் பெயர் தெரிந்தால் போதும் என்று இருந்தவர்கள் நாங்கள். பாதி வேலை எதிர்ப்பக்கம் இருப்பவருடையது என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு நல்ல எச்சரிக்கையும் உண்டு. நம் இரண்டு சூட்டையும் அறிவித்த பிறகு அவர்களே காண்ட்ராக்ட்டை (ஏலத்தில் முடிவான கடைசிக் கேட்பை) எடுத்துக்கொண்டால், நம் கையின் வடிவத்தை அவர்களுக்கே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எனக்கு அது நடந்தது. த்ரீ நோட்ரம்ப் ஆடியவர் என் ஏலத்தை நினைவில் வைத்துக்கொண்டு, என் பக்கம் டயமண்ட் ஒன்றுதான் இருக்கும் என்று அக்கா கையிலிருந்த குயீனைச் சரியாகப் பிடித்தார்.

இனி குறை. பெரிய குறைதான். பயிற்சி ஆட்டங்களில் எதிராளி எப்போதும் 15-17 பாயிண்டோடுதான் ஆரம்பிக்கிறார். 12-14 பாயிண்டில் ஒன் நோட்ரம்ப் திறக்கும் ஜோடிகள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கடைசிப் பாடத்தில் சில நிமிடங்கள் பேசிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அங்கே கணக்கே வேறு. என்னிடம் 16, எதிராளியிடம் 13 என்றால் மீதி 11. பலம் நம் பக்கம் சாய வாய்ப்பு அதிகம், தண்டிக்கிற டபுள் கட்டாயம் வேண்டும். டோண்டில் அந்த டபுளை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டோம்.

ஓர் அணிப் போட்டியில் இது எங்களைக் கடித்தது. 12-14 ஜோடி ஒன் நோட்ரம்ப் திறந்தது, என் கையில் தட்டையான 16. டபுள் சொன்னால் அக்கா அதை ஒற்றை சூட் என்று எடுத்துக்கொள்வார். பாஸ் சொன்னேன். அவர்கள் வல்னரபிளாக இல்லை, இரண்டு ட்ரிக் குறைந்து எங்களுக்கு 100 கிடைத்தது. இன்னொரு மேஜையில் அதே காண்ட்ராக்ட்டை டபுள் செய்து 300 வாங்கியிருந்தார்கள். 5 இம்ப் (இரண்டு மேஜை ஸ்கோர்களின் வித்தியாசத்துக்கு அணிப் போட்டியில் தரும் புள்ளி) போயிற்று. அன்று அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இப்போது வலுவான நோட்ரம்புக்கு டோண்ட், பலவீனமானதற்கு டபுளைத் தண்டனைக்கு வைத்துக்கொண்டு லாண்டி என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். இந்த முடிவுக்கு வகுப்பே எங்களைக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

ஏலத்தின் அடிப்படை தெரிந்து, நிலையான பார்ட்னரோடு ஆடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், இருவரும் சேர்ந்தே பாருங்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இது சீக்கிரம். 12-14 நோட்ரம்புக்கென்று தனியாக ஒரு தொகுப்பு, அதே 16 ஆட்டங்களோடு, இந்த ஆசிரியர் போட்டால் நானும் அக்காவும் அன்றைக்கே எடுத்துவிடுவோம்.