கேஸ் பைப்புக்கு 'பிரஷர் டெஸ்ட் ஓகே' என்றார்கள், வால்வு மூடியிருந்தது

வீட்டுக்குப் புதிதாக கேஸ் பைப் போடப்போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கோவையில் எங்கள் சமையலறையைப் புதுப்பித்தபோது, சிலிண்டரை வெளியே வைத்து அங்கிருந்து காப்பர் பைப்பைச் சுவருக்குள் கொண்டுவந்தோம். கூலியும் பொருளும் சேர்த்து 18,500 ரூபாய். வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் பைப்பில் காற்றடித்து, அழுத்தம் காட்டும் மீட்டரான கேஜைக் காட்டினார். முள் 10 பிஎஸ்ஐயில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 700 கிராமில், நின்றது. அடுப்புக்கு வருகிற கேஸின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான், இது அதற்கு இருபது மடங்குக்கு மேல், இனிக் கவலையே வேண்டாம் என்றார். பத்து நிமிடம் முள் அசையவில்லை. நானும் ஃபோட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாளே பூச்சு, அதன்மேல் டைல்ஸ்.

எங்களுக்கு 40 நாள் வருகிற சிலிண்டர் 24 நாளில் தீர்ந்தது. விருந்தாளிகள் வந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரம், கீழ் அலமாரியில் அரிசி எடுக்கக் குனிந்த அம்மா, "இங்க மட்டும் கேஸ் நாத்தம் அடிக்குதுடா" என்றார். நிமிர்ந்து நின்றால் ஒன்றும் தெரியவில்லை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கிவிடும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, சிலிண்டரை மூடி, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்கு அழைத்தோம்.

வந்த மெக்கானிக் இரண்டு முனையையும் அடைத்துக் காற்றடித்தார். முள் கண்ணெதிரே இறங்கியது. நான்கு டைல்ஸை உடைத்த பிறகு, பைப் திரும்பும் இடத்தில் வைக்கிற வளைவான இணைப்பு, எல்போ, தெரிந்தது. சோப்புத் தண்ணீர் தடவியதும் அதன் பின்பக்கத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. பற்றவைப்பு முன்பக்கம் மட்டும் ஓடியிருந்தது.

அப்படியானால் அன்றைக்கு முள் எப்படி நின்றது? ஃபோட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தவர், "லீவரைப் பாருங்க சார்" என்றார். வால்வின் மஞ்சள் லீவர் பைப்புக்குக் குறுக்கே நிற்கிறது. நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. கேஜ் இருந்தது சிலிண்டர் பக்கம். காண்ட்ராக்டர் சோதித்தது வெளியே தெரிந்த இரண்டடி பைப்பை மட்டும். சுவருக்குள் காற்றே போகவில்லை!

அதனால் பூச்சுக்கு முன்பே சோதிக்கச் சொல்லுங்கள். வழியில் உள்ள எல்லா வால்வும் திறந்திருக்கட்டும், ரெகுலேட்டரும் அடுப்பும் கழற்றியிருக்கட்டும். 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜில் சிறு கசிவு கண்ணுக்கே தெரியாது, சின்ன அளவு கேஜ் கேளுங்கள். காற்றடித்ததும் பைப்பின் சூடு தணியும்வரை பொறுத்து, அப்புறம் முள்ளின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக இதைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்: அடுப்புப் பக்கத்து மூடியை உங்கள் முன்னால் தளர்த்தச் சொல்லுங்கள். அங்கே காற்று சீறி, இங்கே முள் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழாவிட்டால் நடுவில் ஏதோ மூடியிருக்கிறது.

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால், டைல்ஸ்காரர் இடித்திருப்பார் என்கிறார். பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எங்கள் தெருவிலேயே அவர் பைப் போட்ட வீடுகள் இன்னும் இரண்டு உண்டு. இரண்டு வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் நாளைக் காலை சோதனை, நானும் போகிறேன்.