நார்வே வழியா, முழு விலகலா?

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தனர். ஆனால் எப்படி விலகுவது என்று வாக்குச்சீட்டு கேட்கவில்லை. ஒன்றியத்தில் உறுப்பினராக இல்லாத நார்வேயைப் போல, பொருள்களும் சேவைகளும் மக்களும் எல்லை தாண்டிச் செல்லப் பொது விதிகள் கொண்ட ஐரோப்பிய ஒற்றைச் சந்தையில் மட்டும் நீடித்திருக்கலாமே என்று இன்றும் தயங்குவோருக்காக, அந்த வழியையும் ஒற்றைச் சந்தையை விட்டும் பிரிட்டன் வெளியேறிய முழு விலகலையும் வைத்து இந்த ஒப்பீடு.

குடியேற்றம்
நார்வே வழி: ஒன்றியக் குடிமக்கள் தடையின்றி வந்து வேலை செய்யலாம்.
முழு விலகல்: அயர்லாந்தினர் நீங்கலாக, வேலைக்காகவோ குடியேறவோ புதிதாக வரும் ஒன்றியக் குடிமக்களுக்கும் 2021 முதல் விசா தேவைப்படுகிறது.

கட்டுப்பாடு கைக்கு வருவதும் எண்ணிக்கை குறைவதும் ஒன்றல்ல. 2023 ஜூனில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. இந்தியா, நைஜீரியா முதலிய நாடுகளிலிருந்து மாணவர்களும் முதியோர் பராமரிப்புப் பணியாளர்களும் பெருமளவில் வந்தது பிரிட்டன் அரசே வழங்கிய விசாக்களால்தான். இதற்கான பழியை வந்தவர்கள் மீது சுமத்துவது அநீதி.

வணிகம்
நார்வே வழி: பெரும்பாலான பொருள்களும் சேவைகளும் ஒற்றைச் சந்தை விதிகளின்படியே செல்லும், சுங்கச் சோதனை மட்டும் உண்டு.
முழு விலகல்: சுங்க ஆவணங்களோடு உணவுப்பொருள்களுக்குச் சுகாதாரச் சான்றுகளும் சேர்ந்ததால், சிறு ஏற்றுமதியாளர்களே அதிகம் திணறுகின்றனர்.

சட்டம்
நார்வே வழி: நிதிப் பங்களிப்பு உண்டு, விதிகளை ஏற்க வேண்டும், வாக்குரிமை இல்லை.
முழு விலகல்: வட அயர்லாந்தில் பொருள்களுக்கான சில ஒன்றிய விதிகள் தொடர்வது நீங்கலாக, பிரிட்டன் நாடாளுமன்றமே முடிவெடுக்கும்.

வணிகமும் வேலைவாய்ப்பும் முதன்மை என்போருக்கு நார்வே வழியே பொருந்தும். யாரை அனுமதிப்பது என்ற அதிகாரமே முதன்மை என்போர், அதற்கான விலையையும் ஏற்று, முழு விலகலைத் தேர்வது முறையானது.