மலைப்பள்ளி வகுப்பறையில் ஃபெட் சிமுலேஷன்: ஓர் அறிவியல் ஆசிரியையின் மதிப்புரை

ஃபெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளை, வகுப்பில் பயன்படுத்தலாமா என்று சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எந்தப் பாடத்தில், எந்தப் பீரியடில், எந்தக் கேள்விக்காக என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு கையில் எடுங்கள். அப்படி எடுத்தால் இதைவிட நல்ல இலவசக் கருவி அறிவியலுக்கு நான் பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவில் போல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கி வைத்த திட்டம் இது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இயற்பியல், வேதியியல், கணிதம் எல்லாவற்றுக்கும் சிமுலேஷன்கள் இருக்கின்றன. பலவற்றைத் தமிழிலேயே திறக்கலாம்.

நீலகிரியில் மஞ்சூர் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் எனக்கு இதில் முதலில் பிடித்தது, நெட் இல்லாமல் ஓடுவது. ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒற்றைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஊட்டிக்குப் போகும்போது இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால் போதும், லேப்டாப் பிரௌசரில் திறந்துவிடும். பத்தாம் வகுப்பு அறிவியலில் நான்காம் பாடம் மின்னோட்டவியல். அதை எடுக்கும் நேரத்தில் எங்கள் பக்கம் ஆடி மழை பிடித்துக்கொள்ளும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அவ்வளவு வேண்டாம், லைன் மேல் ஒரு மரம் சாய்ந்தாலே கரண்டும் போய்விடும், டவரும் போய்விடும். அதனால் மழை மாதங்களில் லேப்டாப்பை முழு சார்ஜோடு வைத்திருப்பதும் என் பாடத்திட்டத்தில் ஒரு வரி.

இதற்கு முன் நான் இருந்த தனியார் பள்ளியில் கதையே வேறு. பெரிய தொடுதிரை பேனல் ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு என்று ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருடத்தில் சந்தா முடிந்தது, உள்ளே இருந்த பாடங்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. அப்புறம் அதில் யூடியூப்தான் ஓடியது. பிள்ளைகளின் ஃபீஸ் பணத்தில் வாங்கியது அது. இன்றும் எனக்கு ஆறவில்லை.

சரி, மின்சுற்று சிமுலேஷனுக்கு வருவோம். பேட்டரி, பல்பு, ஒயர், சுவிட்ச், அம்மீட்டர், வோல்ட்மீட்டர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சுற்று கட்டலாம். நான் திரையைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி போட்டுவிடுவேன்: ஒரே மாதிரி இரண்டு பல்பைத் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் எது அதிகம் எரியும்? பாதி வகுப்புக்கு மேல் ‘முதல் பல்பு’ என்றுதான் நோட்டில் எழுதும். கெத்தை, பரளி பவர்ஹவுஸ்களையும் மலையில் இறங்கும் ராட்சதக் குழாய்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மின்சாரம் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே போகும் என்ற எண்ணம் இவர்களுக்கும் இருக்கிறது.

அப்புறம்தான் திரை. 9 வோல்ட் பேட்டரியில் 10 ஓம் பல்பு ஒன்று மட்டும் இருந்தால் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டும். அதே பல்பு இன்னொன்றைத் தொடரில் சேர்த்ததும் 0.45. ஒரு மாணவி முன்னால் வந்து அம்மீட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தாள், இரண்டு பல்புக்கும் நடுவில் வைத்தாள், கடைசியில் வைத்தாள். எங்கே வைத்தாலும் 0.45. எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நகர்வது தெரிகிறது. “அப்போ கரண்ட் தீரவே இல்லையா டீச்சர்?” என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கரும்பலகையும் சாக்பீஸும் மட்டும் வைத்து என்னால் வரவழைக்க முடிந்ததே இல்லை. பல்பில் ஆற்றல்தான் வெளிச்சமாகவும் சூடாகவும் மாறுகிறது, எலக்ட்ரான்கள் குறைவதில்லை என்று அதற்கு மேல் சொன்னால் பிள்ளைகளின் காதில் ஏறுகிறது.

பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். வகுப்பே கத்தும். கத்தட்டும், குறுக்குச்சுற்று அதற்குப் பிறகு மறக்காது. ஆனால் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்று அழுத்திச் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

திரையோடு நிறுத்திவிடவும் கூடாது. அடுத்த பீரியடில் நிஜ செல், டார்ச் பல்பு, ஒயர். எங்கள் ஊர் ஈரத்தில் பல்பு ஹோல்டர் பச்சை பூத்துக் கிடக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால்தான் எரியும். பழைய செல்லில் கணக்குப்படி வர வேண்டிய மின்னோட்டம் வராது. அதற்கும் சிமுலேஷனில் இடம் இருக்கிறது: பேட்டரியின் அகமின்தடையையும் ஒயரின் தடையையும் கூட்டிக் குறைக்கலாம். நிஜத்தில் வந்த அளவுக்குத் திரையைச் சரிசெய்யச் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளைகள் விடாமல் உட்கார்ந்து செய்கிறார்கள்.

குறைகள் உண்டு. செல்போன் திரையில் நெருக்கடி, விரலால் ஒயரின் முனையைப் பிடிப்பதே பெரும்பாடு. லேபில் உள்ள பழைய பிரௌசரில் சில சிமுலேஷன்கள் திறக்காது, முந்தைய நாளே சோதித்துவிடுங்கள். தளத்தில் ஆசிரியர்களுக்கான செயல்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கேள்விகளை நம் பாடநூலுக்கு ஏற்ப நாமே தமிழில் எழுத வேண்டும். பெரிய குறை என்றால், கேள்வி எதுவும் கொடுக்காமல் பிள்ளைகள் கையில் விட்டால் பீரியட் முழுக்கத் தீ வைத்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லாப் பாடத்துக்கும் இது தேவையும் இல்லை. அமிலம், காரத்துக்கு எலுமிச்சையும் சோப்பு நீரும் லிட்மஸ் தாளும் போதும், கையால் செய்யட்டும். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு, அதாவது எலக்ட்ரான், மூலக்கூறு, அணுக்கரு போன்றவற்றுக்கு மட்டும் சிமுலேஷனை ஒதுக்கியிருக்கிறேன். ஜூனில் ஆண்டுத் திட்டம் எழுதும்போதே அந்தப் பாடங்களுக்கு எதிரே குறித்துவிடுகிறேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். புதிதாகத் தொடங்குபவர்கள் மின்சுற்றையும் ஒளிவிலகலையும் மட்டும் முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.