பனிக்கூம்பும் நள்ளிரவுக் காவலும்: ஓர் இணையவழிப் பாடநெறி

மலைவாழ் சமூகங்கள் காலநிலை மாற்றத்தைத் தாக்குப்பிடிக்கும் வழிகளைப் பற்றிய ஆறு வார இணையவழிப் பாடநெறி ஒன்றை அண்மையில் முடித்தேன். பனிப்பாறைகள் ஏன் சுருங்குகின்றன என்று விளக்கும் முதல் இரண்டு வாரங்களில், நாளிதழ் வாசிப்பவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

பாடநெறி சூடு பிடிப்பது மூன்றாம் வாரத்தில், லடாக்கில். அங்கு விதைப்புக்கு ஏப்ரல், மே மாதங்களில் நீர் வேண்டும். உயரத்துப் பனிப்பாறைகளோ ஜூன் வாக்கில்தான் தாராளமாக உருகி இறங்குகின்றன. இந்த இடைவெளியை நிரப்பவே லடாக்கின் பொறியாளர் செவாங் நோர்பெல் 1980களில் ஓடைநீரைக் குளிர்காலத்தில் தேக்கி உறையவைக்கத் தொடங்கினார். 2013-14 குளிர்காலத்தில் இன்னொரு லடாக் பொறியாளரான சோனம் வாங்சுக் அந்தப் பனியைக் கூம்பாக நிமிர்த்தினார். தரையில் பரந்து கிடக்கும் பனியைவிடக் கூம்பாக நிற்கும் அதே அளவு பனியின் மீது வெயில் படும் பரப்பு குறைவு என்பதால், கிராமத்துக்கு அருகிலேயே அது வசந்தம் வரை தாங்குகிறது. மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே எழும்பித் தூவலாகச் சிதறி, விழும்போதே உறைந்துவிடுவதால் மோட்டாரும் வேண்டியதில்லை. இதைக் காட்டும் பத்து நிமிடக் காணொளியை நான் மூன்று முறை பார்த்தேன்.

ஆனால் ஓட்டம் சற்று நின்றாலும் குழாய்க்குள் இருக்கும் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். கடுங்குளிரில் நள்ளிரவில் எழுந்து போய்க் குழாயைப் பார்ப்பவர் யார், அதற்கு முறை வைப்பவர் யார் என்பதை விரிவுரையாளர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். நான் படிக்க வந்ததே அதைத்தான்.

நான்காம் வாரத்திலும் இதே குறை. பனிப்பாறை உருகிய நீர் தேங்கி, கரை உடைந்து வெள்ளம் பாயும் அபாயமுள்ள நேபாளத்தின் இம்ஜா ஏரியில் 2016இல் நீர்மட்டம் மூன்று மீட்டருக்கும் மேல் குறைக்கப்பட்ட விதத்தை அருமையான வரைபடங்களோடு விளக்குகிறார்கள். அதே அபாயமுள்ள, அந்நாட்டின் சோ ரோல்பா ஏரிக்குக் கீழுள்ள ஊர்களில் 1998இல் நிறுவிய எச்சரிக்கைச் சங்குகள் சில ஆண்டுகளிலேயே பழுதாகிப் போனதோ வெறும் அடிக்குறிப்பு.

பெருவின் பிசாக் பகுதி வகுப்பு மட்டும் விதிவிலக்கு. வெப்பம் ஏற ஏற உருளைக்கிழங்குப் பயிரை இன்னும் மேலே கொண்டுபோகும் கெச்சுவா பழங்குடி உழவர்கள், எந்த ரகத்தை எந்த உயரத்தில் நடுவது என்பதைத் தாங்களே கூடி முடிவெடுப்பதை அது பொறுமையாகக் காட்டுகிறது; மொத்தப் பாடநெறியிலும் ஊர்மக்கள் வெறுமனே கருவியை இயக்குபவராக அன்றி முடிவெடுப்பவராக வருவது இங்கே மட்டும்தான்.

தமிழ் வசனவரிகள் இல்லை. ஆங்கில வரிகளும் இடப்பெயர்களைச் சிதைக்கின்றன. இறுதித் தேர்வின் முப்பது வினாக்களில் ஏரிகளின் உயரமும் ஆண்டுகளும் கேட்கப்பட்டன. பராமரிப்பைப் பற்றி ஒரு வினாவும் இல்லை. சான்றிதழ் மட்டும் மறுநாளே வந்துவிட்டது.