வாழத் தகுந்த நகரம்: யாருக்கு, எத்தனை காலத்துக்கு?

உலக நகரங்களை வாழ்க்கைத் தரத்தின்படி வரிசைப்படுத்தும் பட்டியல்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட்டின் பட்டியலில் 2011 முதல் 2017 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து மெல்போர்ன் முதலிடத்தில் இருந்தது. 2018-இல் வியன்னா அந்த இடத்தைப் பிடித்தது. 2025-இல் அது கோபன்ஹேகனுக்குப் போயிற்று. இந்த வரிசைகளைப் படித்து ஊரைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள், இவை முதலில் யாருக்காகத் தயாரிக்கப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். ஊழியர் ஒருவரை வேறு நாட்டுக்கு அனுப்பும் நிறுவனம், அந்த ஊரின் சிரமத்துக்கு ஈடாக அவருக்கு எவ்வளவு கூடுதல் படி தரலாம் என்று கணக்கிட உதவும் கருவிகள் இவை. ஆகவே ஸ்திரத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் உண்டு. வாழ்க்கைச் செலவுக்குக் கிடையாது. வாடகையை நிறுவனமே கட்டிவிடும் ஒருவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. சொந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்கப் போகிறவருக்கோ மற்ற ஐந்தையும்விட அதுவே முக்கியம்.

எனவே இங்கே நகரங்களை வேறு மூன்று கேள்விகளால் ஒப்பிடுகிறேன். சாதாரணச் சம்பளத்தில் அங்கே நல்ல வீடு கிடைக்குமா? கார் இல்லாமல் நாளைக் கழிக்க முடியுமா? வேலை போய்விட்டால் அந்த ஊரில் தங்கும் உரிமை என்ன ஆகும்? மூன்றாவது கேள்வி பட்டியல்களில் எங்கும் இல்லை. ஆனால் வெளிநாட்டு நகரத்தில் வாழும் எவரையும் இரவில் விழித்திருக்கச் செய்வது அதுதான்.

வீட்டிலிருந்து தொடங்கினால் வியன்னாவையும் சிங்கப்பூரையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். இரண்டிலும் மக்களில் பெரும்பகுதியினருக்கு வீடு கட்டித் தரும் பொறுப்பைச் சந்தையிடம் விடாமல் அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏற்றுக்கொண்ட விதம் முற்றிலும் வேறு. முதல் உலகப் போருக்குப் பின் வியன்னா நகராட்சி 1923-இல் வீட்டுவசதி வரி ஒன்றை விதித்தது. பெரிய, ஆடம்பரமான வீடுகளுக்கு அந்த வரி மிகக் கடுமையாகவும் தொழிலாளர் வீடுகளுக்கு மிகக் குறைவாகவும் இருந்தது. அந்தப் பணத்தில் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. 1927 முதல் 1930 வரை எழுந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஒரே கட்டடத் தொகுதி, 1,382 வீடுகள். மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம் நிற்கிறது, மீதி முழுவதும் முற்றமும் மரங்களும். சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே அமைக்கப்பட்டன. அக்காலக் கட்டடங்களின் முகப்பில் எந்த ஆண்டில், எந்த வரிப்பணத்தில் கட்டப்பட்டது என்று சிவப்பு எழுத்துகளில் பெரிதாகப் பொறித்திருக்கிறார்கள். வரி கட்டியவர் தன் பணம் போன இடத்தைத் தெருவில் நின்றே படிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இன்று நகராட்சியிடம் ஏறத்தாழ 2,20,000 வாடகை வீடுகள் இருக்கின்றன. மானியம் பெற்ற கூட்டுறவு வீடுகளையும் சேர்த்தால் நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இத்தகைய வீடுகளில் வாழ்கிறார்கள். இவ்வளவு பெரிய பங்கு சந்தைக்கு வெளியே இருப்பதால், தனியார் வீட்டுக்காரரும் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடிவதில்லை. நகராட்சி வீட்டின் வாடகை ஒப்பந்தத்துக்குப் பொதுவாகக் காலவரம்பு இல்லை. கூடவே வசித்த நெருங்கிய உறவினர், முந்தைய குடித்தனக்காரருக்குப் பின் ஒப்பந்தத்தைத் தம் பெயருக்குத் தொடரவும் வழியுண்டு. வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளாமலேயே வாழ்நாள் முழுவதும் கவலையின்றி இருக்கலாம் என்பதே வியன்னாவின் உண்மையான கவர்ச்சி. இசையரங்குகளும் காபிக் கடைகளும் அதற்கு அப்புறம்தான்.

சிங்கப்பூர் எதிர்த்திசையில் சென்றது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீப்பிடித்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். கழகம் வேகமாகக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளுக்கு மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்த காலம் அது. 1966-இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் குறைந்த இழப்பீட்டில் நிலத்தை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. 1968 முதல் மத்திய சேம நிதியிலிருந்தே வீட்டுக்குப் பணம் கட்டலாம் என்றானது. குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாகிய உள்ளூர்வாசிகளில் ஐந்தில் நால்வர் அளவுக்கு இன்று கழக வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள் அல்லர், 99 ஆண்டுக் குத்தகையில் வாங்கிய உரிமையாளர்கள். வியன்னாக்காரருக்கு வீடு ஒரு பொதுச்சேவை என்றால், சிங்கப்பூர்க்காரருக்கு அது முதுமைக்கான சேமிப்பும்கூட. குத்தகைக்காலம் குறையக் குறைய அந்தச் சேமிப்பின் மதிப்பு என்ன ஆகும் என்ற கேள்வி பழைய பேட்டைகளில் இப்போது உரக்கவே கேட்கிறது.

அந்த அடுக்குமாடிகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஒரு நிர்வாகத்தின் மனப்போக்கு தெரியும். பல புளோக்குகளின் கீழ்த்தளத்தை வீடுகள் இல்லாமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் திருமண விருந்தும் இன்னொரு குடும்பத்தின் துக்க வீடும் அதே இடத்தில்தான் நடக்கும். பழைய கட்டடங்களில் மின்தூக்கி சில தளங்களில் மட்டுமே நிற்கும். மற்ற தளத்தவர் படி ஏறியோ இறங்கியோதான் வீட்டை அடைய வேண்டும். குடியிருப்பவர்களுக்கு வயதானபோது அது பெரும் தொல்லையாயிற்று. 2001-இல் தொடங்கிய திட்டத்தின் வழியாக எல்லாத் தளங்களிலும் நிற்கும்படி மின்தூக்கிகளை மாற்றினார்கள். குறையைப் பார்த்துத் திருத்தும் இந்த ஆற்றலுக்கு மறுபக்கமும் உண்டு. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அது இனச் சேரிகள் உருவாகாமல் தடுத்தது. அதே சமயம் சிறுபான்மையினத்தவர் தம் வீட்டை விற்கும்போது வாங்குபவர் வட்டம் சுருங்கிப்போவதும் அதனால்தான். திருமணம் ஆகாத ஒருவர் தனியாகக் கழக வீடு வாங்குவதற்குப் பொதுவாக 35 வயதாகியிருக்க வேண்டும். குடும்பத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதில் அரசுக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதைச் சாவியோடு சேர்த்துத் தருகிறது.

டோக்கியோவின் வழி மூன்றாவது. அங்கே அரசு கட்டித் தருவதைவிடக் கட்டுவோரைத் தடுக்காமல் இருப்பதே முக்கியம். எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் நில மண்டல விதிகள் நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டவை. விதிக்கு உட்பட்ட கட்டடத்தை அக்கம்பக்கத்தார் பிடிக்கவில்லை என்பதற்காக நிறுத்துவது கடினம். மெல்போர்னிலும் மேற்கின் பல நகரங்களிலும் ஒரு அடுக்குமாடிக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் ஆட்சேபங்கள் இழுத்துக்கொண்டிருக்க, டோக்கியோ ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டே போனது. அண்மை ஆண்டுகளில் புதிய அடுக்குமாடி வீடுகளின் விலை வெகுவாக ஏறியிருந்தாலும், சிறிய அறை போதும் என்பவருக்கு நியாயமான வாடகையில், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இடம் கிடைக்கும் பெருநகரம் அது. மூன்று வழிகளில் மற்ற நகரங்கள் எளிதாகப் பின்பற்றக்கூடியது இதுவே என்பது என் கருத்து. இதற்கு வியன்னாவைப்போல் நூறாண்டு முயற்சியும் வேண்டாம், சிங்கப்பூரைப்போல் வலிமையான ஒற்றை அரசும் வேண்டாம்.

மெல்போர்னின் புறநகரைத் தவிர்த்தால், போக்குவரத்தில் இந்த நகரங்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. எல்லாம் நன்றாகவே இயங்குகின்றன. வேறுபடுவது காரை எப்படி அடக்குகிறார்கள் என்பதுதான். சிங்கப்பூர் 1990 முதல், கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் விற்கிறது. பத்தாண்டுக்கு மட்டுமே செல்லும் அந்தக் காகிதத்தின் விலை அண்மையில் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியும் போயிருக்கிறது. டோக்கியோவில் வழக்கமான கார் ஒன்றைப் பதிவு செய்யும் முன், வசிப்பிடத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அதை நிறுத்த இடம் இருப்பதாகக் காவல்துறையிடம் சான்று பெற வேண்டும்; குறுகிய தெருக்களிலும் ஓரத்தில் கார்கள் அடைத்து நிற்காததற்கும், தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் தாமாக நடந்து போவதற்கும் இதில் பங்கு உண்டு. வியன்னா தண்டிப்பதைவிட ஆசை காட்டியது: 2012-இல் பொதுப் போக்குவரத்தின் ஆண்டுச் சீட்டை 365 யூரோவாக, நாளுக்கு ஒரு யூரோவாக, குறைத்துப் பல ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தது. கோபன்ஹேகனில் சைக்கிள். உலகின் மிகப் பெரிய டிராம் வலைப்பின்னல் மெல்போர்னில் இருந்தும், புறநகரின் விளிம்பில் வீடு வாங்கியவருக்கு டிராம் எட்டாது. கார் இல்லாமல் அங்கே பால் வாங்கப் போவதும் பாடுதான்.

மூன்றாவது கேள்விக்கு வரும்போது வரிசை தலைகீழாகிறது. வீட்டை மலிவாகத் தரும் நகரங்கள் அந்த வீட்டின் வாசலைக் காவல் காக்கின்றன. வியன்னாவின் நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க, நகரில் இரண்டு ஆண்டுகள் பதிவு பெற்று வசித்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் பொதுவாக நீண்டகால வசிப்புரிமையும் பெற்றிருக்க வேண்டும். அதுவரை காலவரம்பு உள்ள தனியார் ஒப்பந்தங்களில்தான் காலம் தள்ள வேண்டும். ஆஸ்திரியக் குடியுரிமைக்குப் பொதுவாகப் பத்தாண்டு வசிப்பும், பழைய குடியுரிமையைத் துறப்பதும் தேவை. விளைவாக, வாக்களிக்கும் வயதுள்ள வியன்னாவாசிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வாக்கு இல்லை. உலகிலேயே வாழச் சிறந்தது என்று பெயரெடுத்த நகரில் இந்த அளவு மக்கள் யார் ஆள்வது என்பதில் பேச்சற்று இருப்பதைப் பட்டியல் எதுவும் குறையாகக் கணக்கில் எடுப்பதில்லை. கோபன்ஹேகன் இதில் மேல்: டென்மார்க்கில் சில ஆண்டுகள் தொடர்ந்து வசித்த வெளிநாட்டவர் 1981 முதலே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம்.

சிங்கப்பூரில் கழக வீட்டை மறுவிற்பனையில் வாங்கவே நிரந்தரவாசியாகி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். மற்ற வெளிநாட்டவர் தனியார் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் 60 சதவீதக் கூடுதல் முத்திரை வரி. உயர்நிலை வேலை அனுமதி உடையவர்கூட, வேலை முடிந்து அந்த அனுமதி ரத்தானதும் பொதுவாக 30 நாள் குறுகிய அனுமதியில்தான் அடுத்ததைத் தேட வேண்டியிருக்கிறது. கட்டுமானத் தொழிலாளரின் வேலை அனுமதியோ குடும்பத்தை அழைத்துவர இடமே தருவதில்லை. அவர் சிங்கப்பூர்க் குடிமகளை மணக்க விரும்பினால் அரசின் அனுமதி வேண்டும். அந்த அடுக்குமாடிகளைக் கட்டியவர் தங்குமிட விடுதியில் பங்கு அறையில் படுக்கிறார். ஒரே தீவில் வாழத் தகுந்த நகரம் ஒன்றும், உழைத்துவிட்டுப் போக மட்டும் தகுந்த நகரம் ஒன்றும் இருக்கின்றன.

டோக்கியோவில் சட்டத்தைவிடப் பழக்கமே தடை. வீட்டுக்காரருக்குத் திருப்பித் தராத நன்றிப்பணம், தனி முன்பணம், உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் எல்லாம் கொடுத்தபின்னும் வெளிநாட்டவர் என்பதற்காக மறுக்கப்படலாம். ஜப்பான் நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் அப்படி மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். வேலை விசாவில் இருப்பவர் வேலையை விட்டால் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி மூன்று மாதம் வேலையின்றி இருந்தால் வசிப்புரிமை ரத்தாகக்கூடும்.

துபாய் இந்தக் காவலை வேறு இடத்தில் வைத்தது. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. 2002 முதல் குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவரும் சொத்து வாங்கலாம். உள்ளே நுழைவது இவ்வளவு எளிதான பெருநகரம் வேறு இல்லை எனலாம். ஆனால் ஓராண்டு வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் வழக்கம் இருப்பதால், முதல் மாதச் சம்பளம் வருமுன்னரே பெருந்தொகை கையில் இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு வசிப்புரிமை வேலையோடு கட்டுண்டது. 2019-இல் வந்த நீண்டகால விசா பணமோ சிறப்புத் தகுதியோ உள்ளவர்களுக்கானது. முப்பது ஆண்டு வாழ்ந்தாலும் குடியுரிமை என்பது வெகுசிலரைத் தவிர யாருக்கும் பேச்சில் இல்லை.

மெல்போர்ன்தான் இதற்கு நேர்மாறு. வீட்டு விலை சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட ஊர் அது. ஆனால் திறன் அடிப்படையில் நிரந்தர வசிப்புரிமையோடே வந்திறங்க வழியுண்டு. நான்காண்டு சட்டப்படி வசித்து, அதில் கடைசி ஓராண்டு நிரந்தரவாசியாகவும் இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியா பழைய குடியுரிமையை விடும்படியும் கேட்பதில்லை.

இவற்றில் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒரே சம்பளத்தில் குழந்தைகளை வளர்த்து அங்கேயே முதுமையடைய விரும்பும் குடும்பத்துக்கு நான் வியன்னாவைச் சொல்வேன். ஜெர்மன் மொழியையும் முதல் ஐந்தாறு ஆண்டின் நிலையாமையையும் தாங்குவார்கள் என்றால். பிள்ளைகளுக்கு முழு உரிமை விரைவில் வேண்டும், கடன் சுமை பரவாயில்லை என்பவருக்கு மெல்போர்ன். தனியாள், சிறிய அறை, பெரிய ஊரின் சுதந்திரம் என்றால் டோக்கியோ. மொழி கற்றுக்கொள்ளாமல் அங்கே போவது மட்டும் வீண். சிங்கப்பூரின் சிறப்பு முழுவதும் நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ ஆனவருக்கே திறக்கும் என்பதால், அந்த வாய்ப்பு எந்த அளவுக்கு உண்டு என்று பார்த்த பிறகே குடும்பத்தோடு செல்ல வேண்டும். துபாய்க்குப் போகிறவர் எவ்வளவு சேர்த்தபின் திரும்புவது என்று போகும்போதே ஒரு தொகையைக் குறித்துக்கொள்வது நல்லது. அங்கே வாடகையும் பள்ளிக் கட்டணமும் அந்தத் தொகையை ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும்.